தரைக்கு ஏற்ற தடி: மலைநடைக்கான மரக் கைத்தடி செய்ய முழுமையான வழிகாட்டி

கைத்தடி செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மேல்முனையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பிடியில் என்ன செதுக்கலாம், எந்த நிறக் கயிறு சுற்றலாம், எதைப் பூசிப் பளபளப்பாக்கலாம் என்றே யோசனை ஓடும். ஆனால் தடி பழுதாவது அநேகமாகக் கடைசி ஒரு சாணில். முனை பிளந்துபோகும், பூண் கழன்று விழும், ஈரம் ஏறி மரம் மக்கும், பாறையில் வழுக்கிவிடும். அதனால் தடியைக் கீழிருந்து மேலாக யோசிக்க வேண்டும். எந்தத் தரையில் ஊன்றப் போகிறோம் என்பது தெளிவானால் முனை தெளிவாகும். முனை தெளிவானால் நீளமும் கனமும் பிடியும் தாமாகவே அமையும்.

முதலில் தரை

காய்ந்த பாறையில் ரப்பர் முனைதான் பிடிக்கும். இரும்புக் கூர்முனை கல்லின்மேல் சறுக்கும், ஒவ்வொரு அடிக்கும் 'கிணிங்' என்று அதிர்ந்து அந்த அதிர்வு மணிக்கட்டுக்கு ஏறும். பாசி படிந்த ஈரப்பாறையில் ரப்பரையும் நம்ப முடியாது. அங்கே பாறை இடுக்கைத் தேடி முனையைச் செருகி ஊன்ற வேண்டியிருக்கும் என்பதால், ரப்பர் பாதம் 30 மி.மீ. அகலத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

இலைச்சருகு மூடிய காட்டுத்தடம், களிமண் சரிவு, புல்மேடு ஆகியவற்றுக்கு இரும்புக் கூர்முனை வேண்டும். ரப்பர் பாதம் ஈரக்களிமண்ணில் நாலு எட்டு வைப்பதற்குள் சேறு அப்பி உருண்டையாகிவிடும். அதன் பிறகு அது ஊன்றுகோலாக இல்லை, சறுக்குக்கட்டையாகத்தான் இருக்கும்.

சேற்றிலும் மணலிலும் கூர்முனை மட்டும் இருந்தால் தடி உள்ளே இறங்கிக்கொண்டே போகும். முனைக்குச் சற்று மேலே 60 முதல் 70 மி.மீ. அகல வட்டத்தகடு ஒன்று வேண்டும். பனியில் அதே தகடு 90 முதல் 100 மி.மீ. வரை அகலமாக, துளைகளோடு இருக்க வேண்டும். துளையில்லாத தகட்டின்மேல் பனி குவிந்து, தடியைத் தூக்கும்போதெல்லாம் கை கனக்கும்.

ஓடையைக் கடக்கிற தடி தனி இனம். அதற்கு நீளமும் உறுதியும் முக்கியம், இலேசு முக்கியமல்ல. செங்குத்தான ஏற்ற இறக்கம் நிறைந்த வழிக்கு ஒரே தடியில் இரண்டு பிடியிடங்கள் தேவை. தட்டையான நீண்ட நடைக்கோ 400 கிராம் எடையுள்ள மெல்லிய தடியே சுகம். ஒரு மணி நேரத்தில் ஆயிரக்கணக்கான முறை அதைத் தூக்குகிறோம்.

ஒவ்வொரு தரைக்கும் ஒரு தடி செய்துகொண்டே போக முடியாது. அதனால் இங்கே விவரிப்பது, முனையை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளும்படியான ஒரே தடி.

மரம்

வேண்டியது கடினமான மரம் என்பதைவிட, முறியாமல் வளைந்து கொடுக்கிற மரம் என்பதே சரி. மண்வெட்டி, கோடாரிக்குப் பிடி போட உதவும் மரம் எதுவோ அது தடிக்கும் உதவும். ஆஷ், ஹிக்கரி, ஹேசல், செஸ்ட்நட் ஆகியவை குளிர்நாட்டு மரங்களில் பேர்பெற்றவை. வெப்ப மண்டலத்தில் கொய்யாவும் புளியும் அதே குணம் கொண்டவை. கொய்யாக்கிளை அடர்த்தியாக, வழவழப்பாக, சிராய் எழாமல் இழையும். சவுக்கு பலமானதுதான், ஆனால் கனம் அதிகம், காயும்போது வெடிப்பதும் அதிகம். கெட்டி மூங்கில், அதாவது நடுவில் துளை சிறுத்துச் சுவர் தடித்த வகை, எடைக்குத் தரும் பலத்தில் மரங்களோடு போட்டி போடும். முருங்கை போன்ற மென்மரங்களைத் தொடவே வேண்டாம்.

மரம் கிடைக்க மூன்று வழிகள். அனுமதியுள்ள இடத்தில் நேரான கிளையையோ அடிமரத்திலிருந்து கிளம்பிய துளிர்க்கோலையோ வெட்டுவது ஒன்று. பலகையிலிருந்து சட்டம் அறுத்து உருட்டுவது இன்னொன்று. மண்வெட்டிக்கும் வாருகோலுக்கும் விற்கிற புதிய நீளப் பிடியை வாங்குவது மூன்றாவது. முதல்முறை செய்கிறவர்களுக்கு மூன்றாவது வழியே சிறந்தது. மரம் ஏற்கெனவே காய்ந்திருக்கும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

பலகையிலோ வாங்கிய பிடியிலோ கண் வைக்க வேண்டியது இழையோட்டத்தில். இழைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடியோடு இணையாக ஓட வேண்டும். 10 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. விலகினால் வளைவு பலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 5 செ.மீ.க்கு 1 செ.மீ. விலகினால் கிட்டத்தட்டப் பாதி போய்விடும். இப்படிப்பட்ட தடி முறியும்போது மெதுவாக முறியாது. பேனா முனை போலச் சாய்வாகப் பிளந்து, கூர்மையான இரண்டு துண்டுகளாகும். இறக்கத்தில் உடல் எடையோடு அதன்மேல் சாய்ந்திருக்கும்போது இப்படி முறிந்தால் ஆபத்து. இழையோட்டம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் பேனா மையில் ஒரு சொட்டு வையுங்கள். மை இழையின் வழியே நீளமாகப் பரவித் திசையைக் காட்டிவிடும்.

கிளையானால் இழை தானாகவே கிளையோடு ஓடும், அது பெரிய அனுகூலம். அங்கே கவனிக்க வேண்டியது கணு. தடி விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அகலமான கணு இருந்தால், குறிப்பாகக் கீழ் மூன்றில் ஒரு பாகத்தில் இருந்தால், அந்தக் கிளையை ஒதுக்குங்கள். வெட்டும்போது அடிப்பக்கம் 32 முதல் 36 மி.மீ. விட்டமும், தேவையான நீளத்துக்கு மேல் 20 செ.மீ. உபரியும் இருக்கட்டும். மரத்தில் நீரோட்டம் குறைந்திருக்கும் இலையுதிர்ந்த காலத்தில் வெட்டினால் வெடிப்பும் பூச்சியும் குறைவு.

உலர்த்தல்: அவசரப்பட்டால் எல்லாம் வீண்

பச்சை மரம் காயும்போது வளையங்களின் சுற்றுவாக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து விளிம்பை நோக்கிய வாக்கில் சுருங்குவதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. முழு உருளையான கிளைக்கு இந்த வேறுபாட்டைத் தணிக்க வழியில்லை. அதனால்தான் நீளவாக்கில் ஒரு வெடிப்பு விழுகிறது. மெதுவாகக் காயவிட்டால் அது மயிரிழையாக நிற்கும். வெயிலில் போட்டால் விரல் நுழையும்.

வெட்டிய அன்றே இரண்டு முனைகளையும் உருக்கிய மெழுகிலோ கெட்டியான பெயின்ட்டிலோ மூடுங்கள். மரத்தின் ஈரம் பக்கவாட்டைவிட வெட்டுமுனை வழியாக மிக வேகமாக வெளியேறும். மூடாத முனை முதலில் காய்ந்து பிளக்கும். பட்டையை உரிக்க வேண்டாம், ஈரம் மெல்ல வெளியேற அதுவே போர்வை. ஆனால் பட்டையில் குண்டூசித்துளைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் பூச்சி குடியேறிவிட்டது. உடனே உரித்துவிட்டு, அந்தக் கிளையை மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் 40 செ.மீ.க்கு ஒரு தாங்குகட்டை வைத்துக் கிடத்தலாம். இன்னும் நல்லது, மேல்முனையைக் கட்டித் தொங்கவிட்டுக் கீழ்முனையில் 2 அல்லது 3 கிலோ எடை கட்டுவது. லேசான வளைவுகள் காயும்போதே நிமிர்ந்துவிடும்.

30 மி.மீ. தடிமனுள்ள கிளை காய 6 மாதம் முதல் ஓராண்டு ஆகும். நாள்காட்டியைவிடத் தராசை நம்புங்கள். சமையலறைத் தராசில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிறுத்து, எடையைத் தடியிலேயே பென்சிலால் எழுதிக்கொண்டு வாருங்கள். 1,100 கிராமில் தொடங்கிய கோல் 750 கிராம் அளவில் வந்து நிற்கலாம். அடுத்தடுத்த இரண்டு அளவீடுகளில் 5 கிராமுக்கு மேல் மாற்றமில்லை என்றால் அது சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. பெரும்பாலான இடங்களில் அப்போது மரத்தின் ஈரப்பதம் 12 முதல் 15 சதவீதம் இருக்கும்.

மூங்கிலுக்கு நடைமுறை வேறு. 3 முதல் 5 வயதான கழியைத் தேர்ந்தெடுங்கள். இளங்கழி காயும்போது சுருங்கிச் சப்பிவிடும். மூங்கிலில் உள்ள மாவுச்சத்து வண்டுகளை இழுக்கும் என்பதால் போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த 5 சதவீதக் கரைசலில் ஊறவைக்க வேண்டும். 10 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் போராக்ஸ், 200 கிராம் போரிக் அமிலம். உள் தடுப்புகளை நீளமான இரும்புக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டால்தான் கரைசல் உள்ளே போகும். இந்தத் துளைகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: மூடிய கணு இடைவெளியோடு மூங்கிலைத் தீயில் வாட்டினால் உள்ளே அடைபட்ட காற்றும் நீராவியும் விரிந்து கழி வெடிக்கும்.

கோணலை நிமிர்த்துதல்

தடியைக் கண்ணுக்கு நேரே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சுழற்றிப் பாருங்கள். மெல்லிய ஒரே வளைவு நடைக்குத் தடையில்லை. பிடியிடமும் முனையும் ஒரே நேர்க்கோட்டில் இருந்தால் நடுவில் உள்ள நெளிவு அழகுதான். பிடியிடத்திலிருந்து முனை விலகியிருந்தால் மட்டும் நிமிர்த்துங்கள், இல்லாவிட்டால் ஊன்றும்போது தடி கைக்குள் சுழலும்.

நிமிர்த்த ஆவி வேண்டும். சூடும் ஈரமும் சேரும்போது, இழைகளை ஒட்டிவைத்திருக்கும் லிக்னின் இளகும். 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்பது பொதுக்கணக்கு, 30 மி.மீ. கோலுக்கு ஒன்றேகால் மணி நேரம். கொதிகலனிலிருந்து ஆவி வரும் குழாயை ஒரு மரப்பெட்டிக்குள் விட்டு, கோலை உள்ளே வையுங்கள். பெட்டியின் மறுமுனையைத் துணியால் தளர்வாக மூட வேண்டும், ஒருபோதும் இறுக்கி அடைக்கக் கூடாது. அடைபட்ட ஆவி பெட்டியை வெடிக்க வைக்கும். தடித்த கையுறையோடு வெளியே எடுத்ததும் ஒரு நிமிடத்துக்குள் வளைத்தாக வேண்டும். நேர்நிலையைத் தாண்டிக் கொஞ்சம் எதிர்ப்பக்கமாக வளைத்துக் கட்டிவையுங்கள், ஏனென்றால் அவிழ்த்ததும் ஓரளவு திரும்பி வரும். ஒரு வாரம் கட்டிலேயே இருக்கட்டும்.

சூளையில் காய்ந்த மரம் ஆவிக்கு அவ்வளவாக இசையாது. காற்றில் காய்ந்தது இசையும். அரைப்பச்சையாக இருப்பது இன்னும் நன்றாக இசையும்.

நீளமும் தடிமனும்

நடைக்குப் போடும் காலணியோடு நேராக நின்று, முழங்கையைச் செங்கோணத்தில் மடித்து, தரையிலிருந்து முழங்கை வரை அளந்துகொள்ளுங்கள். 170 செ.மீ. உயரமுள்ளவருக்கு இது 105 செ.மீ. அளவில் வரும். இதை முழங்கை அளவு என்று வைத்துக்கொள்வோம். சமதள நடையில் கைமுட்டி நிற்க வேண்டிய இடம் இது.

சமதளத் தடி: முழங்கை அளவோடு 20 செ.மீ.
ஏற்ற இறக்கத் தடி: முழங்கை அளவோடு 35 முதல் 40 செ.மீ.
ஓடைத் தடி: தாடை வரை, அதாவது 170 செ.மீ. உயரத்துக்கு 145 முதல் 150 செ.மீ.

இறக்கத்தில் கால் வைக்கும் இடம் கீழே இருக்கும், தடி அதைவிடக் கீழே போய் முன்னதாகவே ஊன்ற வேண்டும். குட்டைத்தடி வைத்திருப்பவர் அங்கே முன்னால் குனிவார். எடை முழுவதும் முழங்காலுக்குப் போகும். நீளத்தில் சந்தேகம் வந்தால் கூடுதலாகவே விடுங்கள், ஒருநாள் நடந்து பார்த்துவிட்டு அறுக்கலாம்.

தடிமனில் 5 மி.மீ. எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பலர் உணர்வதில்லை. விட்டம் 25 மி.மீ.யிலிருந்து 30 ஆனால் எடை 44 சதவீதம் கூடும், முறியாத பலம் 73 சதவீதம் கூடும், விறைப்போ இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஓடைத்தடிக்கு 30 முதல் 32 மி.மீ. வேண்டும் என்பதும், தட்டை நடைக்கு 25 போதும் என்பதும் இதனால்தான். எல்லாத் தரைக்குமான தடிக்கு மேலே 29, கீழே 25 மி.மீ. என்று மெல்ல ஒடுங்குவது நல்ல சமரசம். ஆஷ் மரத்தில் 140 செ.மீ. நீளத்துக்கு இது சுமார் அரை கிலோ வரும். ஒடுக்கத்தைக் கீழ்நோக்கி வையுங்கள். முனை இலேசாக இருந்தால் தடி முன்னால் வீசப்படும்போது கை களைக்காது.

இழைத்தல்

பட்டையை வைத்துக்கொள்வதா உரிப்பதா என்பது விருப்பம். குளிர்காலத்தில் வெட்டிய ஹேசல், செஸ்ட்நட் பட்டைகள் உறுதியாக ஒட்டி நிற்கும். தளர்ந்து தொங்குகிற பட்டையை உரித்துவிடுங்கள், அதன் அடியில் ஈரம் தங்கும்.

சதுரச் சட்டத்திலிருந்து செய்தால் வரிசை இது. நான்கு மூலைகளையும் இழைப்புளியால் சீவி எட்டுப்பட்டை ஆக்குங்கள். எட்டை மறுபடி சீவிப் பதினாறு ஆக்குங்கள். பிறகு அரத்தால் உருட்டுங்கள். நேராக உருட்டப் போனால் ஒரு பக்கம் சப்பையாகிவிடும். எட்டுப்பட்டை கணக்கு கண்ணுக்கு வழிகாட்டி. 28 மி.மீ. சதுரமென்றால் ஒவ்வொரு மூலையிலிருந்தும் இருபுறமும் 8 மி.மீ. தள்ளிக் கோடு இழுத்து, கோடு வரை சீவினால் எட்டுப் பக்கமும் சமமாக வரும். எட்டுப்பட்டையிலேயே நிறுத்திவிட்டாலும் நல்ல தடிதான். பட்டைகள் கைக்குப் பிடிமானம் தரும், தரையில் வைத்தால் உருண்டு ஓடாது.

கத்தியைக் கணுவை நோக்கி இருபுறமிருந்தும் ஓட்டுங்கள். கணுவைத் தாண்டி ஒரே இழுப்பாக ஓட்டினால் அதற்கு அப்பால் இழை பெயர்ந்து பள்ளம் விழும். உப்புத்தாள் 80, 120, 180 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூட நயம்) போதும். 120க்குப் பிறகு ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள்: சாய்ந்து கிடந்த நுண்சிராய்கள் எழுந்து நிற்கும், 180 அவற்றை வெட்டிவிடும். இதைச் செய்யாவிட்டால் முதல் மழையிலேயே தடி சொரசொரப்பாகிவிடும்.

பூணும் முனையும்

நேரம் செலவிட வேண்டிய இடம் இது. தேவைப்படுபவை:

22 மி.மீ. வெளிவிட்டமும் ஏறத்தாழ 20 மி.மீ. உள்விட்டமும் உள்ள செம்பு அல்லது பித்தளைக் குழாய், 40 மி.மீ. துண்டு.
எம்8 (8 மி.மீ. தடிமன்) இருமுனைத் திருகு ஒன்று: ஒரு பாதி மரத்தில் ஏறும் திருகு, மறு பாதி நட்டு ஏறும் மரை.
24 மி.மீ. நீளமுள்ள எம்8 நீள நட்டும் ஒரு எம்8 போல்ட்டும், கூர்முனைக்கு.
எம்8 மரைத்துளையுள்ள, 30 மி.மீ. அகலமும் 15 முதல் 20 மி.மீ. உயரமும் கொண்ட ரப்பர் பாதம். இயந்திரங்களுக்கு அடியில் வைப்பது.
4 மி.மீ. தடிமனுள்ள உறுதியான பிளாஸ்டிக் தகடு, வட்டத்தகட்டுக்கு.
எபாக்ஸிப் பசை.

பூண் போடுவது உலக்கைக்குப் போடுவது போலத்தான்: மரம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பொருத்தம் இறுக்கமாக இருக்க வேண்டும். ஈரமுள்ள மரத்தில் எவ்வளவு இறுக்கிப் போட்டாலும் காயக் காய மரம் சுருங்கும், உலோகம் சுருங்காது, பூண் ஒருநாள் சேற்றிலேயே தங்கிவிடும். காய்ந்த மரத்தில் போட்டால் கதை தலைகீழ். மழையில் மரம் சற்று உப்பிப் பூணை இன்னும் இறுக்கும்.

1. கீழ்முனையைச் செங்கோணமாக அறுங்கள். முனையிலிருந்து 40 மி.மீ. உயரத்தில் தடியைச் சுற்றிக் கத்தியால் 1 மி.மீ. ஆழக் கோடு போடுங்கள்.

2. அந்தக் கோடு வரை மரத்தைச் சீவிக் குழாயின் உள்விட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். குழாயின் உட்புறத்தில் பென்சில் கரியைத் தடவிச் செருகிப் பாருங்கள். மரத்தில் கருப்பு எங்கே படிகிறதோ அங்கே மட்டும் அரத்தால் ஓரிரு இழுப்பு. கையால் தள்ளி மூன்றில் ஒரு பங்கு ஏறி நின்றால் அளவு சரி. முழுவதும் கையாலேயே ஏறிவிட்டால் அதிகம் சீவிவிட்டீர்கள், 5 செ.மீ. அறுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். உபரி நீளம் விட்டது இதற்கும்தான்.

3. உட்பக்கம் எபாக்ஸி தடவி, மேலே மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். பூணுக்கு மேலே மரம் படியாகத் துருத்தாமல் சரிவாக இருக்கட்டும், வேர்களிலும் கொடிகளிலும் மாட்டாது. பக்கவாட்டில் 2 மி.மீ. துளையிட்டு ஒரு பித்தளை ஆணியை அடித்துத் தேய்த்துவிட்டால் பூண் சுழலாது.

4. பூண் போட்ட பிறகுதான் திருகுக்குத் துளை. வரிசை மாறினால் மரம் பிளக்கும், பூணே அதைப் பிளக்காமல் கட்டிப்பிடிக்கிறது. நடுவைக் குறித்து, கடினமரத்துக்கு 6.5 மி.மீ. துளை, 50 மி.மீ. ஆழம். ட்ரில் கோணலாகப் போனால் முனை ஆயுள் முழுக்கக் கோணல்தான்; இன்னொருவரை நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து பார்த்துச் சொல்லச் செய்யுங்கள்.

5. திருகின் மரைப் பகுதியில் இரண்டு நட்டுகளை ஏற்றி ஒன்றோடொன்று இறுக்குங்கள். மேல் நட்டில் ஸ்பேனர் போட்டுச் சுழற்றினால் திருகு மரத்துக்குள் இறங்கும். துளைக்குள் எபாக்ஸி விட்டுவிட்டு இறக்குங்கள். வெளியே 14 மி.மீ. மரை நிற்கட்டும். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

கூர்முனை செய்ய, போல்ட்டின் தலையை அறுத்து, நீள நட்டுக்குள் 10 மி.மீ. ஏற்றி எபாக்ஸியால் நிரந்தரமாக ஒட்டுங்கள். வெளியே 12 மி.மீ. விட்டு, ஊசியாக அல்லாமல் மழுங்கிய கூம்பாக அரத்தால் தேயுங்கள். ஊசிமுனை கல்லில் பட்டதும் மடங்கும். மழுங்கிய கூம்பு மண்ணிலும் இறங்கும், தேயவும் நாளாகும். நட்டில் மீதமிருக்கும் 14 மி.மீ.தான் தடியில் ஏறும் இடம்.

வட்டத்தகட்டின் நடுவில் 8.5 மி.மீ. துளை போட்டு, பூணுக்கும் நட்டுக்கும் இடையில் வைத்து இறுக்கினால் போதும். கூர்முனை தகட்டுக்குக் கீழே 36 மி.மீ. நீண்டிருக்கும், சேற்றில் அவ்வளவு இறங்கியதும் தகடு தாங்கும். பனிக்கான பெரிய தகட்டில் விளிம்பிலிருந்து 12 மி.மீ. உள்ளே தள்ளி 15 மி.மீ. துளைகள் ஆறு போடுங்கள். எந்தப் பாதமானாலும் ஒரு ஸ்பிரிங் வாஷரோடு இறுக்குங்கள். நடையின் அதிர்வில் வெறும் மரை மெல்லக் கழன்றுவிடும்.

மூங்கில் தடியில் இந்தத் திருகுக்கு இடமில்லை. உள் துளைக்குள் 8 செ.மீ. நீளக் கடினமரத் தக்கையை எபாக்ஸியோடு இறக்கி, வெளியே பூண் போட்டு, அந்தத் தக்கையில் துளையிட வேண்டும். கீழ்முனை ஒரு கணுவுக்கு 3 செ.மீ. கீழே முடியும்படி அறுத்தால் பிளவு அந்தக் கணுவைத் தாண்டி ஏறாது.

பிடியும் வாரும்

விரல்கள் தடியைச் சுற்றி வளைந்து, கட்டைவிரல் நுனி ஆள்காட்டி விரலின் நகத்தைச் சற்றே மூடினால் அதுதான் சரியான தடிமன். முழு உருளையைவிட லேசான முட்டை வடிவம் கைக்கு இணக்கம்: முன்பின்னாக 31, பக்கவாட்டில் 27 மி.மீ. போல. இருட்டிலும் தடியின் முகம் எந்தப் பக்கம் என்று விரலுக்குத் தெரியும்.

ஏற்ற இறக்கத் தடியில், மேல்பிடிக்கு 25 செ.மீ. கீழே இரண்டாவது பிடியிடம் அமையுங்கள். ஏறும்போது கீழ்ப்பிடி, இறங்கும்போது தலைக்குமிழ்மேல் உள்ளங்கை. குமிழ் 40 மி.மீ. அகலத்தில், கூர்விளிம்பில்லாமல் உருண்டிருக்கட்டும். இயற்கையாகவே கவை உள்ள கிளை கிடைத்தால், கட்டைவிரல் படியும்படி கவையை 3 முதல் 4 செ.மீ. அகலத்தில் விட்டுச் செதுக்குங்கள். ஆனால் கவையின் இடுக்கில் சிறு வெடிப்பு தெரிந்தாலும் அதை நம்பாதீர்கள். அது கிளை முழுக்கப் பிளக்கத் தயாராக இருக்கிறது.

கயிறு சுற்ற விரும்பினால், 4 மி.மீ. கயிறில் 15 செ.மீ. பிடிக்கு நாலரை மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் ஒரு முனையைத் தடியின் நீளவாக்கில் கொண்டிபோல் மடித்து வைத்து, அதன்மேலேயே நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், கடைசி முனையைக் கொண்டிக்குள் நுழைத்து, அடிமுனையை இழுத்தால் கொண்டி உள்ளே புதைந்து பூட்டிக்கொள்ளும். முடிச்சே தேவையில்லை.

மணிக்கட்டு வாருக்கு 7 மி.மீ. துளை. அதைத் தடியின் முன்பின்னாகப் போடாமல், இடமிருந்து வலமாகப் போடுங்கள். நடக்கும்போது தடி முன்பின்னாக வளைகிறது. முன்முகமும் பின்முகமுமே அந்த இழுவிசையையும் அழுத்தத்தையும் தாங்குகின்றன. பக்கங்களில் விழும் துளை பலத்தை மிகக் குறைவாகவே பாதிக்கும். துளையின் விளிம்பைச் சரிவாகத் தேய்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் வார் அறுந்துபோகும். ஓடையிலும் உருளும் கற்சரிவிலும் வாரைக் கையிலிருந்து கழற்றிவிட வேண்டும். பாறையிடுக்கில் மாட்டிக்கொண்ட தடி, வாரில் சிக்கிய கையையும் சேர்த்து இழுக்கும்.

ஓடைத்தடியில் கூடுதலாக ஒன்று: முனையிலிருந்து 10 செ.மீ.க்கு ஒரு கோடு, 50 செ.மீ.யில் இரட்டைக்கோடு சூட்டுக்கோலால் போட்டுவையுங்கள். இறங்குமுன் ஆழம் தெரியும். நீரோட்டம் வருகிற திசையைப் பார்த்து நின்று, தடியை முன்னால் ஊன்றிச் சாய்ந்து, இரண்டு காலும் தடியுமாக மூன்றில் ஒன்றை மட்டுமே ஒரு நேரத்தில் நகர்த்துங்கள்.

எண்ணெய்

பளபளக்கும் வார்னிஷ் கீறல் விழுந்த இடத்தில் ஈரத்தை உள்ளே விட்டு, வெளியே வரவிடாமல் அடைக்கும்; பிடியில் வியர்வையோடு சேர்ந்து வழுக்கிக் கொப்புளமும் தரும். ஆளிவிதை எண்ணெய் போதும், விரைவில் காயும்படி பதப்படுத்தியதாக வாங்குங்கள். முதல் பூச்சில் டர்பன்டைனைச் சரிபாதி கலந்தால் ஆழமாக இறங்கும். 20 நிமிடம் ஊறவிட்டு, மேலே நிற்பதைச் சுத்தமாகத் துடைத்தெடுங்கள்; துடைக்காமல் விட்டால் வாரக்கணக்கில் பிசுபிசுக்கும். ஒரு நாள் இடைவெளியில் இன்னும் மூன்று பூச்சு, கலக்காமல். வெட்டுமுனைகளுக்கு, உறிஞ்சுவது நிற்கும் வரை ஊட்டிக்கொண்டே இருங்கள்.

துடைத்த துணியை ஒருபோதும் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பத்தை வெளியிடும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பற்றும். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் வையுங்கள்.

நம்பி ஊன்றுவதற்கு முன்

தடியின் இரு முனைகளையும் 120 செ.மீ. இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகளில் வைத்து, நடுவில் 20 லிட்டர் தண்ணீர் நிறைந்த வாளியை மெதுவாகத் தொங்கவிடுங்கள். 28 மி.மீ. விட்டமுள்ள நல்ல கடினமரத் தடி சுமார் 2 செ.மீ. வளையும், வாளியை எடுத்ததும் பழைய நிலைக்கே திரும்பும். 4 செ.மீ. வளைந்தால் மரம் மென்மையானது, சமதள நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'படக்' என்று சிறு ஒலி கேட்டாலோ வளைவு நிரந்தரமாகத் தங்கினாலோ அந்தத் தடி மலைக்கு வேண்டாம். தடியின் நடுவில் ஏறி நின்று பார்ப்பது சோதனையே அல்ல. முழு உடல் எடை நடுவில் விழுந்தால் நல்ல தடியும் முறியும்.

நீளவாக்கில் ஓடும் மயிரிழை வெடிப்பால் ஆபத்தில்லை. மெல்லிய எபாக்ஸியை விட்டு, மேலே மெழுகு தேய்த்த நூலை 3 செ.மீ. அகலத்துக்கு இறுகச் சுற்றிவிடலாம். இழைக்குக் குறுக்காக ஓடும் வெடிப்பு மயிரளவே ஆனாலும் அங்கேயே அறுத்துவிடுங்கள். மீதியில் ஒரு குட்டைத்தடி கிடைத்தால் கிடைக்கட்டும்.

ஒவ்வொரு நடை முடிந்ததும் பாதத்தைக் கழற்றி, மரையில் ஒட்டிய மண்ணைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஈரத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளையும். வாரில் மாட்டித் தொங்கவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பூச்சு எண்ணெய். அப்போது பூணைத் திருகிப் பாருங்கள், அசைந்தால் ஆணியைத் தட்டி எடுத்துப் பூணைக் கழற்றி, உள்ளே மரம் கருத்து மெத்தென்று இருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் நல்ல மரம் வரும் வரை அறுத்துவிட்டு, புதிதாகச் சீவி அதே பூணை மறுபடி ஏற்றலாம். நகம் பதியாவிட்டால் எபாக்ஸியை மட்டும் புதுப்பித்தால் போதும்.